அட்டையில் வந்த வசனம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல ஆலயங்களில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்து, வீடு போய்ச் சேர்வதற்குள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். அப்புறம் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் வேதாகமத்துக்குள் போய்விடும். அடிக்கடி வருகிற அட்டைகளில் ஒன்று எரேமியா 29:11. ஆண்டவர் தம் மக்களுக்கு நல்லதையே நினைக்கிறார், அவர்களுக்கும் ஒரு காலம் வரும் என்று ஆறுதல் சொல்லும் வசனம்.

இதை மனப்பாடமாகச் சொல்கிற நம்மில் எத்தனை பேர் அதற்கு முந்தைய வசனத்தைக் கவனித்திருப்போம்? 10-ஆம் வசனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: 70 வருஷம்.

இது ஒரு கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜா எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். எப்போது ஊர் திரும்புவோம் என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. அதற்கு அனனியா என்பவன் எருசலேம் ஆலயத்தில் நின்று பதில் சொன்னான்: இரண்டே வருஷம்! எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் உடைத்தும் காட்டினான். நாம் அங்கே இருந்திருந்தால் அவனுக்குத்தான் கை தட்டியிருப்போம். எரேமியாவே முதலில், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அனனியா சொன்னது பொய்.

எரேமியா எழுதி அனுப்பிய கடிதமோ வேறு மாதிரி. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் சிறையிருக்கிற அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள். இந்தக் கடைசி வார்த்தைதான் தொண்டையில் சிக்குகிறது. கடிதத்தைக் கேட்ட ஒரு 40 வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் ஊர் திரும்பப் போவதில்லை. பேரனோ பேத்தியோதான் திரும்பும். அவருக்கும் சேர்த்துத்தான் அந்த 11-ஆம் வசனம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, இந்த அட்டை கிடைத்த வருஷமே மகனுக்கு வேலை கிடைத்துவிடும் என்று காத்திருந்தார். கிடைக்கவில்லை. "எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று அழுதார். அவர் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. கையில் இருந்தது எரேமியாவின் வசனம், மனதில் இருந்தது அனனியாவின் கணக்கு. அந்த வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். வேதாகமத்தில் 66 புத்தகம், மிகச் சிறிய சங்கீதம் 117 என்றெல்லாம் சண்டே ஸ்கூலில் நன்றாகவே சொல்லித் தருகிறோம். மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் கை கொடுக்கும். ஆனால் அந்த வராந்தாவில் நாள் கணக்கில், மாதக் கணக்கில் உட்கார வேண்டிவந்தால், முழுக் கடிதமும் தேவைப்படும்.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் எரேமியா 27, 28, 29 அதிகாரங்களை ராத்திரிக்கு ஒன்றாக வாசியுங்கள். அனனியா பேசுவதை ஒரு பிள்ளையும், எரேமியா பேசுவதை இன்னொரு பிள்ளையும் வாசிக்கட்டும். 29-ல் 7-ஆம் வசனம் வந்ததும் நிறுத்தி, நமக்குப் பிடிக்காத ஆபீஸுக்காகவோ, புகுந்த வீட்டுக்காகவோ, பக்கத்து வீட்டுக்காரருக்காகவோ மனசார ஜெபிக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். அன்றைக்குப் பேச்சு நீளும். சாப்பாட்டை முதலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.