இரும்புக் கோட்டை

சென்ற வாரம் கல்முனையில் நண்பரொருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய வாப்பா எண்பதைத் தாண்டியவர். பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறுவதையும் கவனியார். "சேர், அந்தக் காலத்துக் கார் இரும்புக் கோட்டை, இப்ப வாறதெல்லாம் வெறும் தகரம்" என்றார்.

அது மெய்தானா? 1956ஆம் ஆண்டின் இரு பெருங்கார்களை ஒப்பு நோக்குவோம். ஒன்று ஃபோர்ட் ஃபெயர்லேன். மற்றது செவ்ரோலே பெல் எயார். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் முன்னதில் 115½ அங்குலம், பின்னதில் 115. இரண்டிலும் ஆறு பேர் தாராளமாக அமரலாம். எட்டு சிலிண்டர் எஞ்சினும் இரண்டிலும் கிடைத்தது.

வேறுபாடு உள்ளத்தில் இருந்தது. விபத்தில் சுக்கான் தண்டு சாரதியின் மார்பைத் தாக்குவதையும், கதவு திறந்து மாந்தர் வெளியே எறியப்படுவதையும் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆகவே ஃபோர்ட் நிறுவனத்தார் நடுப்பகுதி குழிந்த சுக்கான் வளையத்தையும் உறுதியான கதவுத் தாழையும் எல்லாக் கார்களிலும் பொருத்தினர். ஆசனப்பட்டியை மேலதிக விலைக்கு அளித்தனர். இவற்றையே விளம்பரமும் செய்தனர். செவ்ரோலே விளம்பரங்களோ எஞ்சினின் வேகத்தைப் பாடின. அவ்வாண்டு அதிகம் விற்றது செவ்ரோலேதான்! பாதுகாப்பு விலைபோகாது என்ற பேச்சு வாகன உலகில் நெடுங்காலம் நிலவியது.

கோட்டையின் வலிமை 2009இல் வெளிப்பட்டது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு நிலையம் 1959ஆம் ஆண்டுப் பெல் எயாரையும் புதிய செவ்ரோலே மலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. புதிய காரின் மூக்கு நசுங்கி அதிர்ச்சியை ஏற்றது, உள்ளறை குலையவில்லை. பழைய காரிலோ உள்ளறையே சிதைந்தது. அதிலிருந்த பொம்மைச் சாரதி, மனிதனாயின் பிழைத்திரான்.

இதைக் கூறியதும் பெரியவர் சற்று நேரம் மௌனமானார். நாமும் நாணினோம். முன்னாசனத்தில் பட்டி அணிதல் இலங்கையில் 2011 முதல் சட்டம். எனினும் பொலிஸாரைக் கண்டால்தானே நம் தோளில் அது ஏறுகிறது! உயிர் நம்முடையது, அச்சமோ தண்டப்பணத்திற்கு.

அவ்வேளை பேரப்பிள்ளை அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டான். பெரியவர் வாசல்வரை சென்று, "மகன், பெல்ட்டைப் போட்டுட்டு எடுங்க" என்றார்.

வீடு திரும்புகையில் நாமும் அணிந்துகொண்டோம். வழியில் பொலிஸார் ஒருவருமில்லை.