வாய்மொழியும் வரலாறே

வாய்மொழிச் செய்தி வரலாறாகாது என்பார் நம்மிடையே பலர் உளர். அவர்கள் மாஸ்கோ பல்கலைக்கழக இலக்கிய ஆசிரியர் விக்தர் துவாக்கினை அறிதல் நன்று. 1966இல் எழுத்தாளர் சின்யாவ்ஸ்கி மீது வழக்கு நடந்தபோது, தம் பழைய மாணவரான அவருக்காகத் துவாக்கின் சாட்சி கூறினார். அதனால் வகுப்பறையை இழந்தார். அதே பல்கலைக்கழகத்தில் வேறொரு பணியில் அமர்ந்தவர், 1967 முதல் ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோரைத் தேடிச் சென்றார். மாயகோவ்ஸ்கியின் காலத்தைக் கண்ட கவிஞர், ஓவியர், அறிஞர் என முந்நூறுக்கும் மேற்பட்டோரின் குரல், 1982இல் அவர் மறைவதற்குள் நாடாவில் ஏறியது. (பறித்தவர்களே நல்ல பணியொன்றுக்கு வழிவிட்டனர் போலும்!)

1973இல் அவர் மிகயில் பக்தினுடன் ஆறு அமர்வுகள் உரையாடினார். 1920களின் தொடக்கத்தில் வித்தெப்ஸ்க் நகரில் தாம் பழகிய ஓவியர் மாலெவிச்சைப் பற்றிப் பக்தின் அதில் நினைவுகூர்கிறார். கவிதைகளை மனப்பாடமாகச் சொல்கிறார். இரண்டே ஆண்டுகளில், 1975இல், பக்தின் காலமானார். அந்நாடா இல்லையேல் அக்குரல் ஏது?

முதியோர் நினைவு பிழைபடும், ஆண்டுகள் மாறும். மறுக்கவில்லை. ஆயின் ஏடு மட்டும் பிழைபடாதா? மாயகோவ்ஸ்கியின் ‘லெஃப்’ இதழில் எழுதிய ஐசக் பாபெல் சுட்டுக் கொல்லப்பட்டது 1940 ஜனவரி 27. குடும்பத்தாருக்கு அரசு எழுதிக் கொடுத்த நாளோ 1941 மார்ச் 17. முத்திரை குத்திய அந்தத் தாளை நம்புவோர், முதியவரின் நாவை மட்டும் ஐயுறுவது எந்த நியாயம் என்றே கேட்கிறோம்.