வாத்தியாரைத் திருத்திய வகுப்பு

ராபின் ஹூட் நல்லவனா, கெட்டவனா? 1990-களின் பின்பாதியில், யாங்சே நதிக்கரையில் உள்ள ஃபூலிங் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விவாதத்துக்கு விடப்பட்ட கேள்வி இது. பணக்காரர்களிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் இன்றைய சீனாவுக்கு முன்மாதிரி ஆவானா? ‘ஆவான், அவன் புரட்சிக்காரன்’ என்றது ஒரு தரப்பு. ‘இல்லை, அவன் எதிர்ப்புரட்சிக்காரன்’ என்றது இன்னொரு தரப்பு. ஆங்கில இலக்கிய வகுப்பில் தொடங்கிய விவாதம், ஆசிரியருக்குச் சீனாவைப் பற்றிய பாடமாக முடிந்தது.

அந்த ஆசிரியர் பீட்டர் ஹெஸ்லர். 1996 ஆகஸ்டில் அவர் ஃபூலிங்கில் வந்து இறங்கியபோது வயது 27. ரயில் எட்டிப் பார்க்காத ஊர். படகில்தான் வர வேண்டும். சக அமெரிக்கர் ஒருவரும் அவரும் வந்து சேர்ந்தபோது, அந்த ஊர் அமெரிக்கர்களைப் பார்த்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இருவரையும் அனுப்பியது ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பு. மாவோ காலப் பிரசாரத்தில் அந்தப் பெயர் கெட்டுப்போயிருந்ததால், சீனாவில் அதற்கு வேறு பெயர்: ‘அமெரிக்க-சீன நட்புறவுத் தொண்டர்கள்.’ பெயரை மாற்றாமல் நட்பைக்கூடத் தொடங்க முடியாத நிலைமை.

மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் கிராமப் பள்ளிகளுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்க வேண்டியவர்கள். ஆங்கிலத்தின் மீது காதல் கொண்டு வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. கதவுகளைத் திறந்துவிட்ட சீனாவுக்கு அந்த மொழி தேவைப்பட்டது. அவர்களுக்கு அது ஒரு வேலை, வயல் சேற்றிலிருந்து வெளியேற ஒரு வழி.

ஆங்கில வகுப்புக்கு வரும் சீன மாணவர் முதலில் செய்வது தனக்கு ஒரு ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்வது. இது தமிழர்களுக்குப் புதிய சங்கதி இல்லை. 1963-ல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதன் சீன அறிவிப்பாளர்கள் அழகான தமிழ்ப் பெயர்களோடு வணக்கம் சொல்வார்கள். ஃபூலிங்கில் இந்தப் பெயர்சூட்டு விழா இரு பக்கமும் நடந்தது. மாணவர்களுக்கு ஆங்கிலப் பெயர். ஹெஸ்லருக்கு ‘ஹோ வெய்’ என்ற சீனப் பெயர்.

பெயரோடு வேஷமும் மாறியது. காலையில் வாத்தியாராக இருந்தவர், சீன மொழிப் பாடத்துக்கு உட்கார்ந்தால் மாணவர். தட்டிக்கொடுத்தே வளர்க்கும் அமெரிக்கப் பள்ளி வழக்கத்தில் வந்தவருக்கு, உள்ளூர் ஆசிரியை தந்த அனுபவம் கசப்பானது. ஒரு வார்த்தையின் தொனி கொஞ்சம் பிசகினாலும் ‘பு துவெய்’ என்பார். தப்பு. அவ்வளவுதான், சிரிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. கடைத்தெருவில் இரண்டு வார்த்தை பேசினாலே ‘உங்கள் சீன மொழி பிரமாதம்’ என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியால் அவருக்கு ஒரு வார்த்தை கூடக் கூடுதலாக வரவில்லை. மொழியைக் கொடுத்தது ‘பு துவெய்’தான்.

கலாசாரப் பரிமாற்றம் என்று மேடைகளில் முழங்கப்படும் சமாசாரத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் கற்பிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே இருந்தால் அது உபதேசம். இரு தரப்பும் தப்புச் செய்து, இரு தரப்பும் திருத்தப்பட வேண்டும். வகுப்பில் அரசியலைத் தொடும் பேச்சு எழுந்து, வெளிநாட்டு ஆசிரியர் எல்லை தாண்டிவிட்டார் என்று தோன்றினால், மாணவர்களின் தலைகள் ஒன்றாகக் கவிழும். அதுவும் ஒரு திருத்தம்தான், சத்தமில்லாத திருத்தம். எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதைக் கவிழ்ந்த தலைகளிடமிருந்து அந்நியர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஹெஸ்லர் ஊர் திரும்பினார். அந்த அனுபவத்தை எழுதிய ‘ரிவர் டவுன்’ 2001-ல் வெளிவந்தது. பழைய மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் அவருக்குக் கடிதத் தொடர்பு இருபது ஆண்டுகளைத் தாண்டி நீடித்தது. அவர் ஒருவர் மட்டுமல்ல. 1993-ல் 18 பேருடன் தொடங்கிய அந்தத் திட்டத்தில், 1,300-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் சீனக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அவர்களில் பலர் பின்னாளில் பத்திரிகையாளர்களாகவும் வெளியுறவுத் துறை அதிகாரிகளாகவும் ஆனார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரிய லாபம் அமெரிக்காவுக்கு: சீன மொழி பேசத் தெரிந்த, சீனாவின் சிற்றூர்களில் குப்பை கொட்டிய ஒரு தலைமுறை.

அந்த லாபக் கணக்கை அமெரிக்காவே மூடியது. போட்டி நாட்டுக்கு எதற்குத் தொண்டு என்று செனட்டர்கள் சிலர் கேள்வி எழுப்பி வந்தார்கள். 2020 ஜனவரியில் திட்டம் முடிவுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், சீனாவுக்கும் ஹாங்காங்குக்குமான ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத்தை அதிபர் டிரம்ப் நிறுத்தினார். சீனாவும் சளைக்கவில்லை. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டபோது, வெளிநாட்டில் இருந்தபடி இணையம் வழியாகச் சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரவும் தடை வந்தது.

ஹெஸ்லரும் தப்பவில்லை. 2019-ல் அவர் செங்டு நகரில் மீண்டும் வகுப்பெடுக்க வந்தார். மாணவர் கட்டுரை ஒன்றில் அவர் எழுதிய திருத்தக் குறிப்புகளைப் பற்றி அந்த ஆண்டு டிசம்பரில் சமூக வலைதளத்தில் புகார் கிளம்பியது. புயல் ஓய்ந்தது, வகுப்பும் தொடர்ந்தது. ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2021-ல் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதாயிற்று. முன்பு தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆசிரியரைத் திருத்திய நாட்டில், இப்போது புகார் எழுதுகிறார்கள். தலை கவிழ்ந்தால் அடுத்த நாள் வகுப்பில் சரிசெய்துகொள்ளலாம். புகாருக்கு அடுத்த வகுப்பு கிடையாது.

இத்தனை வகுப்பறைகளும் சேர்ந்து இரு நாட்டுப் பகையைத் தடுத்தனவா என்று கேட்கலாம். தடுக்கவில்லை. வர்த்தகப் போர் வந்தது, வசவுகளும் வந்தன. ஆனால் வகுப்பறையின் வேலை பகையைத் தடுப்பதல்ல. எதிராளி என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் சண்டையில் இறங்கும் மடமையைக் குறைப்பதுதான். சீனர்களைப் பற்றி வாஷிங்டனில் முடிவெடுப்பவர்களுக்கு அருகே, ‘பு துவெய்’ கேட்டுப் பழகிய ஒருவர் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமில்லை.

இந்தியாவுக்கு இதில் வேடிக்கை பார்க்கும் வசதி இல்லை. சாந்திநிகேதனில் தாகூர் சீன பவனத்தைத் திறந்தது 1937-ல். சீன அறிஞர் தான் யுன்-ஷான் அங்கே வந்து தங்கி அதைக் கட்டி வளர்த்தார். அந்தத் தொடக்கத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை. கொரோனாவுக்கு முன் 20 ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய மாணவர்கள் சீனாவில் படித்தார்கள். பெரும்பாலோருக்கு மருத்துவப் பட்டம்தான் நோக்கம். 2020-ல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் மீண்டும் பறந்தன. 1962-ம், 2020-ன் கல்வான் மோதலும் மறக்கக்கூடியவை அல்ல. மறக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரனைத்தான் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்பிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. சீனச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வருடம் உட்கார்ந்து, ‘தப்பு’ என்ற வார்த்தையைத் தினமும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் பஞ்சம். விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. அதில் வியாபாரிகளும் மருத்துவ மாணவர்களும் ஏறுவார்கள். ஒரு வாத்தியாரும் ஏற வேண்டும்.