‘வேண்டாம்’ என்ற சொல்லின் விலை

இரண்டு விரல் அகலமே உள்ள ஒரு பழைய அட்டை, 2022ஆம் ஆண்டில் 72.5 இலட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. ஆரஞ்சு நிறப் பின்னணியில், தலைமுடியை நடுவே வகிடெடுத்து வாரிய ஒரு விளையாட்டு வீரரின் மார்பளவுப் படம். கீழே அவர் பெயரும் ஊரும். அவ்வளவுதான். வீரரின் பெயர் ஹோனஸ் வாக்னர். பேஸ்பால் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடியவர்.

இந்த விலையைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த அட்டை ஏன் அரிதாயிற்று என்பதைத் தேடிப் பார்த்தால், பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதில் ஒரு படிப்பினை இருக்கிறது.

1909 முதல் 1911 வரை, அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வண்ண அட்டைகளை வைத்து விற்றது. சேகரிப்பாளர்கள் இன்று ‘டி206’ என்று அழைக்கும் தொகுப்பு இதுதான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள்; முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். மெல்லிய பெட்டி நசுங்காமல் காக்கவும் அட்டை உதவியது. அதைவிட, ஒன்றைப் பெற்றவரை அடுத்ததைத் தேட வைக்கவும் உதவியது. பெட்டியைப் பிரித்தால்தான் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியும். சிறுவர்கள் புகைக்கும் பெரியவர்களிடம் அட்டைகளைக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் நேசிக்கும் முகங்கள் இப்படிப் புகையிலையின் தூதர்களாயின.

பிட்ஸ்பர்க்கில் வாக்னரின் இசைவைப் பெற்றுத் தரும் பொறுப்பு ஜான் க்ரூபர் என்ற விளையாட்டுச் செய்தியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெற்றுத் தந்தால் அவருக்குப் பத்து டாலர். வாக்னர் இசையவில்லை. சிகரெட் பெட்டிக்குள் தம் படம் இருப்பதைத் தாம் விரும்பவில்லை என்று மறுமொழி எழுதிய அவர், தம் மறுப்பால் க்ரூபருக்கு நட்டம் நேரக்கூடாது என்று பத்து டாலருக்கான காசோலையையும் உடன் அனுப்பிவைத்தார். 1912இல் ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ இதழ் இச்செய்தியை வெளியிட்டது. அதற்குள் சில அட்டைகள் அச்சாகி வெளியே போயிருந்தன. இன்று எஞ்சியிருப்பவை அறுபது அளவிலேயே இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதற்கு மறுப்புரைப்போரும் உண்டு. வாக்னரே புகையிலை மெல்லும் பழக்கமுள்ளவர்தானே. உரிய தொகை கிடைக்காததால்தான் மறுத்திருப்பார் என்பது அவர்கள் வாதம். ஒருவரின் நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் பணமே குறி என்றால், தம் கையிலிருந்து பத்து டாலரைக் கொடுப்பானேன்? ஒரு பழக்கத்துக்கு அடிமையானவர், அதை அடுத்த தலைமுறையின் கையில் திணிக்க மறுப்பது முரண்பாடு ஆகாது. அதன் கேட்டை அவரைவிட அறிந்தவர் யார்?

நம் வீடுகளுக்கு இந்த வாதம் மிகவும் வேண்டியது. ‘நானே விடவில்லை, பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?’ என்று தயங்கும் தந்தையர் நம்மிடையே பலர். அத்தயக்கத்திலேயே சிலர் பெட்டிக்கடைக்குப் பிள்ளையையே அனுப்பிச் சிகரெட் வாங்கிவரச் சொல்கிறோம். நம் குறையை நாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதுவரை பிள்ளையைக் காக்கும் கடமை ஒத்திவைக்கப்படுவதில்லை. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் பலவீனம் அந்தப் பொறுப்பிலிருந்து நமக்கு விலக்களிக்காது.

அட்டையின் காலம் போய்விட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், பணம் வாங்கிக்கொண்டு திறக்கச் செய்யும் ‘பரிசுப் பெட்டிகள்’ இன்று கைப்பேசி விளையாட்டுகளில் இருக்கின்றன. விரும்பியது வரும்வரை மீண்டும் மீண்டும் திறக்க வைப்பதே அவற்றின் வேலை. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்காற்று ஆணையம், பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்கும் என்று அறிவித்தது. சூதை ஹராம் என்று அறிந்த நாம், விளையாட்டு என்ற போர்வையில் அது பிள்ளையின் உள்ளங்கைக்கு வரும்போது கவனிக்காமல் இருக்கிறோம். சில வேளை பணம் செலுத்தும் கடவுச்சொல்லையும் நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே நம் கருத்து இதுதான். பிள்ளைகள் எதையும் சேர்க்கக்கூடாது, எதையும் விளையாடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அஞ்சல்தலையோ விளையாட்டு அட்டையோ, சேர்க்கும் பழக்கம் பொறுமையையும் ஒழுங்கையும் கற்றுத்தரும். ஆனால் அந்தப் பொருளோடு சேர்ந்து வேறு என்ன வீட்டுக்குள் வருகிறது என்று அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது பெற்றோரின் பணி. வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், காரணத்தையும் சொல்வோம். அதனால் பிள்ளைக்கு ஏற்படும் ஏமாற்றத்துக்கு நம் நேரத்தை ஈடாகக் கொடுப்போம்: ஒரு மாலை நேரம், சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம். மறுத்ததோடு நில்லாமல் காசோலையும் அனுப்பிய வாக்னரிடம் நாம் கற்க வேண்டியது அதுவே.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளில் மற்ற பெரும்பாலான வீரர்களின் படங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. மறுத்தவரின் அட்டையைத்தான் உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.