கோட்டுக்கு உள்ளேயும் குற்றம் குற்றமே

கால்பந்து ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் சண்டை பிடிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள்: களத்தில் நடந்தது களத்தோடு போகட்டும், அங்கே போலீசுக்கு என்ன வேலை? சிவப்பு அட்டை இருக்கிறது, சங்கம் தடை போடும், அபராதம் விதிக்கும். அதற்கு மேல் கோர்ட், கேஸ் என்று இழுத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பார்கள். ஆட்டத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. அதனாலேயே சொல்கிறேன், இந்த நம்பிக்கை தவறு. இத்தனை வருடங்களில் அது காப்பாற்றியிருப்பது அடித்தவர்களை மட்டுமே.

பேச்சு வரும்போதெல்லாம் டங்கன் ஃபெர்குசன் பெயரை இழுப்பார்கள். 1994 ஏப்ரலில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸ் அணிக்காக ஆடியவர், ரெய்த் ரோவர்ஸின் ஜான் மெக்ஸ்டேயைத் தலையால் முட்டினார். நடுவர் ஓர் அட்டைகூடக் காட்டவில்லை. பிறகு ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் 12 ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. அரசுத் தரப்பு தாக்குதல் வழக்குப் போட்டது. மூன்று மாதச் சிறைத் தண்டனை. 1995இல் பார்லினி சிறையில் 44 நாள் இருந்தார். 'ஒரு முட்டுக்கா ஜெயில்?' என்று இன்றும் அங்கலாய்க்கிறார்கள். மைதானத்துக்கு வெளியே ஆட்களைத் தாக்கி ஏற்கெனவே தண்டனை பெற்றவர், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தபோதுதான் இதைச் செய்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். விடுதலையான ஃபெர்குசனை அவருடைய புதிய அணியான எவர்டனின் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஃபின்லாந்து இசையமைப்பாளர் ஒருவர் அவரை வைத்து, அந்தச் சிறையின் பெயரையே தலைப்பில் சேர்த்து, ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓர் இசைப்படைப்பு எழுதினார். மெக்ஸ்டேயை யார் நினைத்துப் பார்த்தார்கள்? அடிபட்டவர் ஒரு துணுக்குச் செய்தி, அடித்தவர் காவிய நாயகன். களத்தில் நடந்தது களத்தோடு என்ற மந்திரம் இங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

'நடுவர் பார்த்துக்கொள்வார்' என்பது அவர்களின் முதல் வாதம். நடுவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்? 1982 உலகக் கோப்பை அரையிறுதி, செவில் நகரம். மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷூமாக்கர், பாய்ந்து வந்து பிரான்சின் பத்தீஸ்தோன் மேல் மோதினார். பத்தீஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பற்கள் போயின, முதுகெலும்பில் காயம். நடுவர் அதை ஃபவுல் என்றுகூடச் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியின் பென் தாட்சர், போர்ட்ஸ்மத்தின் பெத்ரோ மெந்தெஸை முழங்கையால் முகத்தில் இடித்தார். மெந்தெஸும் அங்கேயே நினைவிழந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது அவருக்கு வலிப்பு வந்தது. தாட்சருக்குக் கிடைத்தது மஞ்சள் அட்டை. பின்னால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் எட்டு ஆட்டத் தடை விதித்தது. குற்ற வழக்கு வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில், எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் ஒன்றில் பாரோ அணியின் ஜேம்ஸ் காட்டரில், பிரிஸ்டல் ரோவர்ஸ் வீரரின் தாடையைக் குத்தி உடைத்தார். நடுவர் பார்க்கவில்லை, டி.வி. கேமரா பார்த்துவிட்டது. 2007 ஜனவரியில் அவருக்கு நான்கு மாதச் சிறை. பெரிய லீக் வீரர் முழங்கையால் ஆளை மயக்கமடைய வைத்துவிட்டுச் சில வாரம் ஓய்வெடுக்கலாம். சிறிய ஊர் அணிக்காரர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றால், நம் எரிச்சல் அந்த நான்கு மாதத்தின் மேலா இருக்க வேண்டும்?

தடை போட்டால் திருந்திவிடுவார்கள் என்பவர்கள் லூயிஸ் சுவாரெஸைப் பார்க்கட்டும். 2010இல் அயாக்ஸ் அணியில் ஆடும்போது எதிரணி வீரர் பக்கலைக் கடித்தார், ஏழு ஆட்டத் தடை. 2013இல் லிவர்பூலில் இவானோவிச்சைக் கடித்தார், பத்து ஆட்டத் தடை. 2014 உலகக் கோப்பையில் கியெல்லினியைக் கடித்தார், ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்கும் நான்கு மாதத்துக்கும் தடை. தடை முடிவதற்கு முன்பே அவரைப் பெரும் தொகைக்கு பார்சிலோனா வாங்கிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை மூன்று முறை கடித்த ஒருவரை பஸ் கம்பெனியின் விசாரணைக் குழுவிடம் விட்டுவிடுவோமா?

இனி சம்மத வாதம்: களத்தில் இறங்குகிறவர் அடிபடச் சம்மதித்துத்தான் இறங்குகிறார் என்பார்கள். பாதி உண்மை. டாக்கிளில் கணுக்கால் முறியலாம், ஹெடருக்கு எழும்போது மண்டையும் மண்டையும் மோதலாம். அதற்கெல்லாம் சம்மதம் உண்டு. பந்து நாற்பது அடி தள்ளி இருக்கும்போது வரும் குத்துக்கு யார் சம்மதித்தார்? நம் சட்டத்துக்கு இது எப்போதோ தெரியும். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 87ஆம் பிரிவில் ஓர் உதாரணம் தந்தது: இருவர் பொழுதுபோக்காக வாள் வீசி விளையாட உடன்படுகிறார்கள், முறையாக விளையாடும்போது ஒருவரால் மற்றவருக்குக் காயம் பட்டால் அது குற்றமில்லை. முறைதவறி ஆடினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவிலும் அந்தப் பிரிவு தொடர்கிறது.

'அப்படியென்றால் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எஃப்.ஐ.ஆர். போடுவதா?' என்ற பயம் வீண். நீதிமன்றங்கள் இதில் மிகவும் நிதானமாகவே நடந்துகொண்டிருக்கின்றன. 1878இல் இங்கிலாந்தின் லெஸ்டரில், ஆட்டத்தில் மோதி ஒருவர் இறந்துபோன வழக்கு. நாட்டின் சட்டம் தடுத்ததை எந்த விளையாட்டின் விதியும் அனுமதிக்க முடியாது என்று நீதிபதி தெளிவாகச் சொன்னார். ஆனாலும் தீய நோக்கம் நிரூபிக்கப்படாததால் அந்த ஆட்டக்காரர் விடுதலையானார். 2004இல் ஓர் அமெச்சூர் ஆட்டத்தின் தாமத டாக்கிளுக்கு விதித்த தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. விளையாட்டுக்குள் குற்றவியல் சட்டம் வர வேண்டுமானால் செயல் அந்த அளவுக்குக் கொடூரமாக இருக்க வேண்டும், விதியை மீறியதாலேயே குற்றமாகிவிடாது என்றது. இந்த வரம்பு எனக்குச் சம்மதம். வரம்பைத் தாண்டியவர்களையும் விட்டுவிடு என்பதைத்தான் ஏற்க முடியாது.

எரிக் கான்டோனாவின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 1995 ஜனவரி, லண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க். எதிரணித் தடுப்பாட்டக்காரரை உதைத்ததற்காகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே நடந்தவர், தன்னைத் திட்டிய ரசிகர் மேல் பாய்ந்து உதைத்தார். இரண்டாவது உதைக்கு வழக்கு, இரண்டு வாரச் சிறை. அப்பீலில் அது 120 மணி நேரச் சமூகப் பணியாக மாறியது, அவர் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். முதல் உதை லேசானதுதான். ஆனால் அது எவ்வளவு பலமாக விழுந்திருந்தாலும் ஒருவரும் போலீசைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. டிக்கெட் வாங்கியவரின் நெஞ்சுக்குச் சட்டத்தின் காவல் உண்டு, ஜெர்சி போட்டவரின் முகத்துக்குக் கிடையாதா?

கேமரா இல்லாத, டாக்டர் இல்லாத ஆட்டங்களில் இது இன்னும் மோசம். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், மகன் ஆடிய சிறுவர் ஆட்டத்துக்குக் கொடி பிடித்த 41 வயதுத் தந்தையை எதிரணியினர் ஆட்டம் முடிந்ததும் விழத்தட்டி உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். ஆறு சிறுவர்களும் ஒருவனின் தந்தையும் தண்டிக்கப்பட்டார்கள். தந்தைக்கு ஆறாண்டுச் சிறை. அப்போது யாரும் 'களத்தோடு போகட்டும்' என்று சொல்லவில்லை. அவர் பிழைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

சுவாரெஸிடம் கடிபட்ட இவானோவிச்சிடம் போலீசார் பேசினார்கள், அவர் வழக்கு வேண்டாம் என்றார், விஷயம் அங்கேயே முடிந்தது. எந்த ஆட்டக்காரர் வேண்டும் என்று சொல்வார்? அடுத்த வாரம் அதே உடைமாற்றும் அறைகளுக்குத்தானே அவர் போக வேண்டும்? முடிவை அடிபட்டவர் தோளில் ஏற்றக் கூடாது. ஃபெர்குசன் வழக்குக்குப் பின், 1996இல் ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர், ஆட்டத்தின் இயல்பான மோதலை வெகுவாக மீறும் வன்முறையை எப்படிக் கையாள்வது என்று போலீஸ் தலைமைகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் அனுப்பினார். கால்பந்து ஆடும் ஒவ்வொரு நாட்டிலும் அப்படி ஓர் அறிவுறுத்தல் எழுத்தில் இருக்க வேண்டும். நடுவரின் அறிக்கையும் வீடியோப் பதிவும் சங்கத்தின் மேஜையோடு நிற்காமல் அரசு வழக்கறிஞர் கைக்கும் போக வேண்டும்.