விதையைத் தோண்டி எடுத்தவர்கள்

பீட்டில்ஸ் குழு உடைந்ததற்கு யோகோ ஓனோதான் காரணம் என்ற கதையை நாம் யாரும் சரிபார்க்கவில்லை. பாட்டுக் கேட்பவர்களும் பாட்டைப் பற்றி எழுதுபவர்களுமாகிய நாம், பாட்டோடு சேர்த்து அதையும் மனப்பாடம் செய்துகொண்டோம். அந்தப் பெண் ஒரு புத்தகம் போட்டிருந்தார் என்பது மட்டும் நம் காதில் ஏறவில்லை.

1964 ஜூலையில், டோக்கியோவில், தன் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டார். பெயர் 'கிரேப்ஃப்ரூட்'. அது எலுமிச்சையும் ஆரஞ்சும் கலந்த பழம் என்று நினைத்து, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே வளர்ந்த தனக்குப் பொருத்தம் என்று அந்தப் பெயரை வைத்தார். (உண்மையில் பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து வந்த பழம் அது. இருந்தாலும் பெயர் பொருத்தம்தான்.) பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த, பின்னாளில் தன் கணவரான ஜான் லெனனை அவர் லண்டனில் சந்தித்தது 1966இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை. கணவர் புகழில் கவிஞரானவர் என்றே எழுதினோம்.

புத்தகத்தில் இருப்பவை சின்னச் சின்னக் கட்டளைகள். மேகம், பனி, சூரியன், பூமியின் சுழற்சி ஆகியவற்றை வைத்து நம்மை ஏதாவது செய்யச் சொல்பவை. 1953 என்று தேதியிட்ட ஒன்று, கோடைக்கால விடியற்காலையில் காட்டையே பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ளும் இசைக்குறிப்பு. ஹிப்பிகள் என்ற சொல்லே பரவாத காலம் அது. அப்படியும் 'ஹிப்பிக் கிறுக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம்.

கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். 1945 மார்ச்சில் டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்தபோது ஓனோவுக்கு வயது 12. குடும்பம் கிராமப்புறத்துக்கு ஓடியது. சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். பசித்த அக்காவும் தம்பியும் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தபடி, இன்றைக்கு என்னென்ன சாப்பிடலாம் என்று கற்பனையிலேயே பந்தி போட்டார்கள். இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பக்கங்களில் வானம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் நினைத்ததற்குப் பின்னால் காலி வயிறு இருந்தது.

1971இல் வந்த 'இமேஜின்' இசைத்தட்டு நம் பலர் வீட்டில் இருந்தது. அதன் பின்னட்டையிலேயே அந்தப் புத்தகத்தின் மேகக் கட்டளை அச்சாகியிருந்தது. தட்டை எத்தனை முறை திருப்பிப் போட்டோம்! அட்டையைத் திருப்பிப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் தட்டின் 'இமேஜின்' பாட்டின் கருவும் வரிகளும் பெருமளவு ஓனோவின் புத்தகத்திலிருந்து வந்தவை, அவர் பெயரையும் போட்டிருக்க வேண்டும் என்று லெனனே 1980இல் ஒப்புக்கொண்டார். அமெரிக்க இசைப் பதிப்பாளர் சங்கம் ஓனோவை இணை ஆசிரியராக அறிவித்தது 2017இல். பாட்டு வந்து 46 ஆண்டுகள். அவர் பெயர் ஏன் இல்லை என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நாமும் உண்டு.

எல்லாவற்றையும்விட வெட்கப்பட வேண்டியது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் நடந்தது. 1968 ஜூனில் அந்த ஊர்த் தேவாலயத்துக்கு அருகே ஓனோவும் லெனனும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று இரண்டு ஓக் மரக் கொட்டைகளை நட்டார்கள். கட்டளைப் புத்தகத்தின் ஒரு பக்கம் மண்ணில் இறங்கியது போன்ற நிகழ்ச்சி அது. அவை முளைக்கவில்லை. சில நாட்களிலேயே ரசிகர்கள் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஞாபகார்த்தமாக. நாம் அந்த ஊரில் இல்லை, உண்மைதான். ஆனால் லெனன் தொட்டது என்பதற்காக மட்டுமே ஓனோவின் படைப்பைப் பொருட்படுத்தியவர்கள் நாமும்தான்.

2013இல், எண்பது வயதில், ஓனோ அடுத்த கட்டளைப் புத்தகத்துக்கு 'ஏகார்ன்' என்றே பெயர் வைத்தார். ஓக் கொட்டை.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி அவரைப் பற்றி எழுதினால், 'லெனனின் மனைவி' என்பதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளுங்கள். முதல் வரியில் 1964, டோக்கியோ, 500 பிரதிகள் என்று ஆரம்பியுங்கள்.