தேனுக்கு இரண்டு நியாயமா?



கொல்லிமலைத் தேன் என்று நம்பி வாங்குகிறோம். சர்க்கரைப் பாகு கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது. என்.எம்.ஆர். சோதனை கண்டுபிடிக்க உதவும். தேனை நீரில் கரைத்து, காந்தப்புலத்தில் வைத்து, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞைகளைப் பார்ப்பார்கள். ஆனால் தண்ணீரின் சமிக்ஞையே மலைபோல் எழுந்து சின்னச் சமிக்ஞைகளை மறைத்துவிடும். அதனால் தண்ணீரின் அதிர்வெண்ணில் மட்டும் ரேடியோ அலையைச் செலுத்தி, முதலில் அதை அடக்குவார்கள். வாயாடிப் பையனை அமர்த்தினால்தானே கடைசி பெஞ்சுப் பிள்ளையின் குரல் கேட்கும்!

அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் இந்தச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அப்போது அந்தக் கட்டாயம் இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நியாயம், நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா? எல்லாத் தேனுக்கும் ஒரே சோதனை வேண்டும் என்பதே என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?